மரம் என்று எழுதாதே: நிகராகுவாவின் கவிதைப் பட்டறைகள்

மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவின் தெற்கில் கொசிபொல்கா என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. கரையில் நின்றால் கடல் என்றே தோன்றும். நன்னீர்தான், ஆனாலும் ஆற்று வழியே ஏறிவந்த சுறாக்கள் அதில் திரிந்திருக்கின்றன. அந்த ஏரியின் தென்பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. கூட்டத்துக்குப் பெயர் சொலெந்தினாமே. அவற்றுள் பெரிய தீவான மான்கர்ரோனில் 1966இல் வந்து குடியேறினார் எர்னெஸ்தோ கார்தெனால். கத்தோலிக்கப் பாதிரியார். பாதிரியார் ஆவதற்கு முன்பே ஸ்பானிய மொழி உலகம் நன்கு அறிந்துவைத்திருந்த கவிஞர்.

தீவுவாசிகள் மீன் பிடித்தார்கள், சோளமும் பயறும் விளைவித்தார்கள். மண்தரை போட்ட சிறிய தேவாலயத்தில் ஞாயிறுதோறும் கார்தெனால் பிரசங்கம் செய்வதில்லை. நற்செய்தியின் ஒரு பகுதியைப் படிப்பார்கள். பிறகு ஏரோதை யார் என்று நினைக்கிறீர்கள், ஏழை விதவையின் காசு என்றால் என்ன என்று மக்களே பேசுவார்கள். அந்த உரையாடல்கள் பின்னர் நூலாகி உலகம் சுற்றின. சுரைக்குடுவையில் உருவங்கள் செதுக்கிய ஒரு விவசாயியின் கைத்திறனைப் பார்த்துவிட்டு கார்தெனால் வண்ணமும் தூரிகையும் வரவழைத்தார். தீவே ஓவியம் தீட்டத் தொடங்கியது. ஏரியும் காடும் பறவைகளும் அடர்த்தியாக நிறைந்த அந்தப் படங்களை வெளிநாட்டவர்கள் வாங்கிப் போனார்கள்.

அங்கே இல்லாதது கவிதை மட்டும்தான். நாட்டின் பெரிய கவிஞர் ஒருவர் பத்து ஆண்டுகளாகப் பக்கத்திலேயே வாழ்கிறார். அந்த ஊரில் ஒருவரும் கவிதை எழுதவில்லை.

1976இல் கோஸ்தாரிகாவிலிருந்து மைரா ஹிமெனெஸ் என்ற கவிஞர் தீவுக்கு வந்தார். குழந்தைகளுக்குக் கவிதைப் பட்டறை நடத்திப் பழகியவர். இங்குள்ளவர்களிடம் உங்கள் கவிதையின் தாக்கம் உண்டா என்று கார்தெனாலிடம் கேட்டார். இல்லை, அவர்களுக்கு என் கவிதைகள் தெரியாது என்பதே பதில். இதற்காக கார்தெனாலைக் குறை சொல்வது எளிது. எனக்கு என்னவோ, ஒருவகையில் அது நல்லதாகப் போயிற்று என்று தோன்றுகிறது. அவரே தொடங்கியிருந்தால், பாதிரியாரும் தலைவருமான ஒருவரின் குரலில்தான் எல்லாரும் எழுதியிருப்பார்கள். வந்தவருக்கு அந்த ஊரில் எந்த அதிகாரமும் இல்லை.

ஹிமெனெஸ் செய்தது மிக எளிய காரியம். இளைஞர்களையும் சில மூத்தவர்களையும் வட்டமாக உட்கார வைத்தார். கவிதை படித்தார். நிகராகுவாவினர் எழுதியது, சீனக் கவிதை, ஜப்பானியக் கவிதை எல்லாம் கலந்து. யாப்பைப் பற்றிப் பேச்சில்லை. இந்தக் கவிதையில் என்ன நடக்கிறது, எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பழைய சீனக் கவிதைகளில் படகும் நிலவும் பிரிந்துபோன நண்பனும் வருகின்றன. படகில் நாள் முழுக்க இருக்கிறவர்களுக்கு அதில் புரியாதது எதுவும் இல்லை. சில நாள்களில் அவர்களும் எழுதிக்கொண்டு வந்தார்கள். எழுதியதை வட்டத்தில் படித்தார்கள், மற்றவர்கள் கருத்துச் சொன்னார்கள், எழுதியவர் திருத்தினார். இவ்வளவுதான் பட்டறை. அங்கிருந்து வந்த கவிதைகளில் ஏரியும் வலையும் நீர்ப்பறவைகளும், விட்டுப்போன காதலியும் இருந்தார்கள். ஒரு தாயும் அவருடைய பிள்ளைகளும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அது நெடுநாள் நீடிக்கவில்லை. 1977 அக்டோபர் 13 அன்று சான் கார்லோஸ் நகரிலிருந்த தேசியக் காவற்படை முகாமை, நாட்டை ஆண்ட சொமோசா குடும்பத்தை எதிர்த்துப் போரிட்ட சாந்தினிஸ்தா போராளிகள் தாக்கினார்கள். தாக்கியவர்களில் சொலெந்தினாமே இளைஞர்களும் உண்டு, பட்டறையில் எழுதியவர்கள். எல்விஸ் சாவர்ரியா, டொனால்ட் குவேவாரா இருவரும் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். காவற்படை தீவுக்கு வந்து குடியிருப்பை அழித்தது. கார்தெனால் நாட்டுக்கு வெளியே இருந்தார், திரும்ப முடியாதவரானார். பட்டறை தொடங்கியதற்கும் தீவு எரிந்ததற்கும் இடையில் ஏறக்குறைய ஓர் ஆண்டுதான் ஓடியிருந்தது.

1979 ஜூலை 19. சொமோசா குடும்பத்தின் நாற்பதாண்டுக்கு மேற்பட்ட ஆட்சி முடிந்தது. புதிய அரசில் கார்தெனால் பண்பாட்டு அமைச்சர். மனாகுவாவில் சொமோசாவுக்கு இருந்த ஒரு வீடுதான் அமைச்சகம் ஆனது. ஹிமெனெஸை அழைத்தார். தீவில் செய்ததை இனி நாடு முழுக்கச் செய்யுங்கள் என்றார்.

இந்த இடத்தில் நிகராகுவாவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பணத்தாள்களில் கவிஞர் ரூபன் தாரியோவின் முகத்தை அச்சிட்ட நாடு அது. ஸ்பானியக் கவிதையைப் புதிய திசைக்குத் திருப்பிய தாரியோ 1916இல் லெயோனில் இறந்தார். அதே லெயோனில் 1956இல் முதலாம் சொமோசாவைச் சுட்ட ரிகொபெர்தோ லோபெஸ் பெரெஸும் ஒரு கவிஞர்தான். அங்கே கவிஞன் என்று சொல்லிக்கொள்வது கூச்சப்படும் விஷயமல்ல. அமைச்சகம் கவிதைப் பட்டறை நடத்தப்போகிறது என்றால் நம் ஊரில் சிரிப்பார்கள்; அங்கே சிரிக்கவில்லை.

மசாயா நகரின் மொனிம்போ, பூர்வகுடிகள் வாழும் பகுதி, எழுச்சியில் முன்னால் நின்ற இடம். தொடக்ககாலப் பட்டறைகளில் ஒன்று அங்கே அமைந்தது. பிறகு பேட்டைகள், தொழிற்சாலைகள், படைப்பிரிவுகள், காவல்துறை என்று பரவின. உச்சத்தில் எழுபதை ஒட்டி இருந்தன. 1980இல் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கார்தெனாலின் தம்பி பெர்னாந்தோ தலைமையில் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பள்ளி, கல்லூரி மாணவர்கள் பல்லாயிரம் பேர் கிராமங்களில் தங்கிக் கற்பித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுமார் 50 விழுக்காட்டிலிருந்து 13 விழுக்காட்டுக்குக் குறைந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. எழுத்துக் கூட்டக் கற்ற கையோடு கவிதைக்கு வந்தவர்களும் பட்டறைகளில் இருந்தார்கள்.

பட்டறைக்காரர்களுக்காகக் கார்தெனால் ஏழு விதிகளை எழுதிக் கொடுத்தார். சுருங்கச் சொன்னால் அவை இவைதாம்: எதுகையும் இயைபும் வேண்டாம், அடிகளுக்கு ஒரே அளவும் வேண்டாம். பொதுவாகச் சொல்லாமல் குறிப்பாகச் சொல். மரம் என்பதைவிட குவாயகான், மலின்சே என்பது மேல், விலங்கு என்பதைவிட இகுவானா மேல். ஆற்றின் பெயர், ஊரின் பெயர், ஆளின் பெயர் கவிதையில் வரட்டும். கருத்தைச் சொல்லாதே, புலன்களுக்குத் தெரிவதைச் சொல். பேசுவதுபோல் எழுது. தேய்ந்த தொடர்களைத் தவிர். வேண்டாத ஒவ்வொரு சொல்லையும் வெட்டு.

மலின்சே நமக்கு அந்நியமல்ல. ஏப்ரல், மே மாதங்களில் நம் சாலையோரங்களில் சிவப்பாகப் பூத்துக் கொட்டும் குல்மொஹர்தான் அது. தேய்ந்த தொடர்களுக்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளும் அப்படியே: கொளுத்தும் வெயில், உறையவைக்கும் குளிர், கொடிய கொடுங்கோலன். மொழிபெயர்க்கவே தேவையில்லை. நம் கவியரங்க மேடைகளில் இந்த மூன்றும் இன்றும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கின்றன. மரத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்பதும் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாக எண்ணி வைத்த கபிலரின் மொழியில் புதுச் செய்தி அல்ல, மறந்துபோன செய்தி.

பேசுவதுபோல் எழுது என்ற விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பானியப் பாடப்புத்தகத்தில் நீ என்பதற்குத் ‘தூ’ என்று இருக்கும். நிகராகுவா மக்கள் வீட்டிலும் சந்தையிலும் சொல்வது ‘வோஸ்’. காதலியிடம் வோஸ் என்று பேசிவிட்டு, காகிதத்தை எடுத்ததும் தூ என்று எழுதாதே என்கிறார் கார்தெனால். இதை நான் முழுக்க எழுத்துத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விதிகள் எங்கிருந்து வந்தன என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கார்தெனாலும் அவருக்கு மூத்த கவிஞரான ஹோசே கொரொனெல் உர்தெச்சோவும் அமெரிக்கக் கவிதைகளை விரிவாக மொழிபெயர்த்தவர்கள். பொருள்களை, பெயர்களை, நடந்தவற்றை அப்படியே கவிதைக்குள் வைக்கும் முறைக்கு ‘எக்ஸ்தீரியோரிஸ்மோ’ என்று பெயரிட்டார்கள். புறநிலைவாதம் எனலாம், நம் புறத்திணையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் ஊற்று அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட். படிமக் கவிஞர்களுக்கு 1913இல் பவுண்ட் எழுதிய ‘செய்யக்கூடாதவை’ பட்டியலின் சாயல் ஏழு விதிகளிலும் தெரியும். முசோலினிக்காக வானொலியில் முழங்கிய பவுண்டின் பாடம், புரட்சி அரசின் காவலர்களுக்கும் சிப்பாய்களுக்கும் கவிதை விதியாகப் போய்ச் சேர்ந்தது.

இந்த விதிகளை நானும் சோதித்துப் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலக மாடியில், வாரக் கடைசிகளில், பதினான்கு பேருக்குக் கவிதைப் பட்டறை நடத்தினேன். முதல் நாள் ஓர் அம்மையார் ஒரு கவிதை படித்தார். மரத்தில் ஒரு பறவை, அதற்குச் சிறகுண்டு, எனக்கில்லை என்று போகும். எல்லாரும் கைதட்டினார்கள்.

“என்ன மரம் அம்மா?” என்றேன்.

“மரம்தான் சார்.”

“நீங்கள் பார்த்த மரமா?”

கொஞ்சம் யோசித்தார். “ரேஷன் கடை வாசலில் இருக்கிறதே, அந்தப் புங்க மரம்.”

“பறவை?”

“காக்கை சார். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது தலையில் எச்சம் போட்டுவிட்டது.”

அறையே சிரித்தது. அடுத்த வாரம் அவர் எழுதி வந்ததில் சிறகு இல்லை. புங்க நிழல் நகர நகர வரிசையும் சேர்ந்து நகர்வது இருந்தது; வெயிலில் விட்டுவந்த காலி கேன், தனக்குப் பதிலாக வரிசையில் நிற்பது இருந்தது. அன்று யாரும் கைதட்டவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள்.

நிகராகுவாப் பட்டறைகளில் இதுதான் ஆயிரம் முறை நடந்திருக்க வேண்டும். எல்லைக் காவலில் இருந்த சிப்பாய்கள் ஊர்ப் பெயரும் மழையும் இறந்த தோழனின் பெயரும் வைத்து, கடிதம்போல் கவிதை எழுதினார்கள். அமைச்சகம் ‘போயெசியா லீப்ரே’ என்ற இதழில் அவற்றை வெளியிட்டது. மளிகைச் சாமான் கட்டும் பழுப்புத் தாளில் அச்சான இதழ் அது. தாரியோ பெயரைச் சொல்லும் நாட்டில் காவலரின் கவிதைக்கும் பெரும் கவிஞரின் கவிதைக்கும் ஒரே பழுப்புத் தாள் என்பது சிறிய செய்தியல்ல.

அப்படியானால் எங்கே பிசகியது?

1981இல் ஆளும் கட்சியின் நாளேடான பர்ரிகாதாவின் பண்பாட்டு இணைப்பான ‘வென்தானா’வில் விவாதம் வெடித்தது. குற்றச்சாட்டு ஒன்றுதான்: பட்டறைக் கவிதைகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கின்றன. பெயரை மறைத்துவிட்டால் யார் எழுதியது என்று தெரியாது. விதி என்று கொடுத்தால் எழுதக் கற்பவனுக்கு அது கட்டளை. அதிலும் கொடுப்பவர் அமைச்சர்.

குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. என் நூலக மாடிக்கே திரும்பிப் போகிறேன். புங்க மரக் கவிதை வந்து மூன்றாம் வாரம், பதினான்கு பேரின் கவிதையிலும் ஒரு மரத்தின் பெயர், ஒரு கடையின் பெயர், கடைசி வரியில் ஒரு பொருள் தனியாக நிற்பது. எல்லார் வீட்டு வாசலிலும் புங்கம் பூத்திருந்தது. ஓர் இளைஞர் தன் தெருவில் மரமே இல்லை என்று பின்னர் ஒப்புக்கொண்டார், எனக்காக நட்டிருக்கிறார். நான் விதி எதுவும் சொல்லவில்லை, ஒருவரிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். அது ஏழே நாளில் விதியாகிவிட்டது. அதிகாரம் ஏதுமற்ற எனக்கே இப்படி என்றால், அமைச்சகத்தின் முத்திரையோடு போன ஏழு விதிகள் என்ன செய்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

ஆனால் குற்றம் சாட்டியவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். வென்தானாவை நடத்தியவர் ரோசாரியோ முரியோ. கவிஞர், புரட்சி அரசின் தலைவர்களில் ஒருவரான தானியேல் ஒர்தேகாவின் துணைவி, கலைஞர் சங்கத்தின் தலைவி. பண்பாடு யார் கையில் என்பதில் அவருக்கும் கார்தெனாலுக்கும் நேரடிப் போட்டி. தொழில்முறைக் கலைஞர்கள் பக்கம் அவர் நின்றார், அமைச்சகம் பாமரர் பக்கம் நின்றது என்று அந்தச் சண்டையைப் பின்னர் எழுதியவர்கள் உண்டு. அவ்வளவு சுத்தமாக அது பிரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கவிதையின் தனித்தன்மைக்காக எழுந்த குரலில் நாற்காலியின் கிறீச்சொலியும் கேட்கிறது.

விவாதத்தில் அதிகம் பேசப்பட வேண்டியது முதல் விதி என்று நினைக்கிறேன். எதுகை வேண்டாம், இயைபு வேண்டாம் என்பது நகரத்தில் படித்த கவிஞர்களின் சலிப்பிலிருந்து பிறந்த விதி. நூறாண்டு எதுகையைக் கேட்டுக் காது புளித்தவர்களுக்கு அது விடுதலை. விவசாயிக்கு அப்படியல்லவே. அவருடைய பாட்டில், பழமொழியில், திருவிழாக் கூத்தில் ஒலி இயைபுதான் நினைவைத் தாங்கும் கம்பு. உன் பேச்சில் எழுது என்று ஐந்தாவது அடியில் சொல்லிவிட்டு, உன் பாட்டை வாசலில் கழற்றிவிட்டு வா என்று முதல் அடியில் சொன்னால் எப்படி? தெம்மாங்கும் ஒப்பாரியும் பாடும் ஒருவரைக் கவிதைப் பட்டறைக்கு அழைத்து, முதலில் மோனையை விடுங்கள் என்று நாமும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சொலெந்தினாமேயில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தலையெடுக்காததற்குக் காரணம், அங்கே விதிகள் தாளில் இல்லை. ஹிமெனெஸ் ஒரு கவிதையைப் படித்துக் கேள்வி கேட்டார். பதில் ஆளுக்கு ஆள் மாறியது. அதே கேள்விகளை எழுபது இடங்களில் கேட்க எழுபது ஹிமெனெஸ்கள் இல்லை. பயிற்றுநர்களில் பலர் நேற்றுப் பட்டறைக்கு வந்து இன்று பொறுப்பேற்றவர்கள். அவர்கள் கையில் இருந்தது தாள். கேள்வி கேட்கத் தெரியாத இடத்தில் விதியைப் படித்துக் காட்டுவார்கள். பிறர் கவிதையில் கை வைப்பார்கள். மரம் என்று எழுதாதே என்பது பார்க்கச் சொல்லும் சொல்லாக இருந்தவரை வேலை செய்தது. மரம் என்ற சொல்லை அடிக்கும் சிவப்பு மையாக மாறியதும் கவிதைகள் ஒரே சாயலுக்கு வந்தன.

இதற்காகப் பட்டறைகளே வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெரிய கவிஞர் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவது தவறான கணக்கு. ஊர்ப் பள்ளியில் பந்து விளையாடும் பிள்ளைகளிடம் எத்தனை பேர் நாட்டு அணிக்குப் போனீர்கள் என்று நாம் கேட்பதில்லை. அதுவரை யாரோ எழுதிய கவிதைகளில் ‘விவசாயி’, ‘மக்கள்’ என்ற பொதுப்பெயராக வந்தவர்கள், தங்கள் ஆற்றின் பெயரைத் தாங்களே எழுதினார்கள். ஒன்றுபோல் இருந்தாலும் அந்தக் கவிதைகள் அவர்களுடையவை.

பட்டறைகளை முடித்தது இலக்கிய விவாதம் அல்ல, போரும் காசும். புரட்சி அரசை எதிர்க்க அமெரிக்கா பணமும் ஆயுதமும் கொடுத்து வளர்த்த கோன்த்ரா படைகளோடு சண்டை ஏறக்குறைய பத்தாண்டுக்கு நீண்டது. 1983இல் கட்டாயப் படைச்சேவை வந்தது. பட்டறைக்கு வரும் வயதினர் எல்லைக்குப் போனார்கள். 1988இல் விலைவாசி ஆயிரக்கணக்கான விழுக்காட்டில் ஏறியபோது சிக்கனம் என்ற பெயரில் பண்பாட்டு அமைச்சகமே மூடப்பட்டது. 1990 தேர்தலில் சாந்தினிஸ்தாக்கள் தோற்றார்கள். 1994இல் கார்தெனால் கட்சியைவிட்டு வெளியேறினார்.

ஒர்தேகா 2007இல் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். 2017இல் முரியோ துணை அதிபர் ஆனார். வென்தானாவில் தொடங்கிய கணக்கு அப்போதும் தீர்ந்திருக்கவில்லை. 2020 மார்ச் 1 அன்று 95 வயதில் கார்தெனால் இறந்தார். மனாகுவா பேராலயத்தில் திருப்பலி நடந்தபோது கட்சிக் கைக்குட்டை அணிந்து வந்த கூட்டம் துரோகி, துரோகி என்று கத்தியது. தேய்ந்த தொடர். ஆறாவது விதிப்படி கார்தெனால் அதை வெட்டியிருப்பார்.

சாம்பல் சொலெந்தினாமேக்குப் போய்ச் சேர்ந்தது.